மேசை இழுப்பறைக்குள் போன ஆல்பம்

பெயரும் ஊரும் வெளியாக வேண்டாம் என்ற கோரிக்கையோடு ஒரு நூலகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பொது நூலகத்தில் 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கென்று புதிதாக ஒரு பகுதி திறந்திருக்கிறார்கள். பாப், ராக், ராப் என்று இளையோர் விரும்பும் இசை ஆல்பங்களின் குறுந்தகடுகளை வாங்கி இரவல் கொடுக்கும் பொறுப்பு இவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. "எனக்கு இந்த இசை தெரியாது, பொறுப்பைக் கொடுத்தவர்களுக்கும் அது தெரியும்" என்கிறார். விருப்பச் சீட்டுப் பெட்டி ஒன்று வைத்தார். வந்த சீட்டுகளில் பாதிக்கு மேல், உறையில் பெற்றோருக்கான எச்சரிக்கை முத்திரை உள்ள ஆல்பங்களாக இருந்தன. தயங்கித் தயங்கி அவற்றில் ஒன்றை வாங்கினார். சில வாரங்களில் ஒரு மாணவியின் தாய் அந்தத் தட்டோடு வந்து, பாடல் வரிகளை எல்லோர் முன்னும் வாசித்துக் காட்டி, இதை உடனே எடுத்துவிட வேண்டும் என்றார். இதை வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதிய பிள்ளை யார் என்றும் கேட்டார். தலைமை நூலகர் இவரைத் தனியே அழைத்து, "சத்தமில்லாமல் எடுத்து வைத்துவிடுங்கள்" என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஆல்பம் இப்போது இவருடைய மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

இனி முத்திரை உள்ள எதையும் வாங்குவதில்லை. வெட்டித் திருத்திய பதிப்பு கிடைத்தால் மட்டும் வாங்குவது. மற்றபடி விற்பனைத் தரவரிசையின் மேல்வரிசையை அப்படியே வாங்கிவிடுவது. கிடைக்காத பாடல்களைத் தன் சொந்த ஸ்ட்ரீமிங் கணக்கிலிருந்து பதிவு செய்து தட்டுகளாக்குவது. இதுதான் அவருடைய திட்டம். இதில் தவறு உண்டா என்று கேட்கிறார். இந்தக் காலத்தில் குறுந்தகட்டை யார் தொடுகிறார்கள் என்று உடன் பணிபுரிபவர்கள் சிரிப்பதற்கும் பதில் வேண்டும் என்கிறார்.

அன்புள்ள தோழிக்கு,

இசை தெரியாது என்பதைப் பெரிய குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது அவ்வளவு கவலை தரவில்லை. இயற்பியல் தெரியாத நூலகர் இயற்பியல் நூல்களை நன்றாகத் தேர்ந்தெடுப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். உங்கள் திட்டத்தைப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அதிலுள்ள ஒவ்வொரு முடிவும் அந்தத் தாய் மீண்டும் வந்துவிடக்கூடாதே என்ற அச்சத்தில் எடுத்த முடிவு. தேர்வு செய்வது நீங்கள் அல்ல, உங்கள் பயம். அதை முதலில் அந்த வேலையிலிருந்து விடுவித்துவிடுவோம்.

இழுப்பறையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அவசரம் அங்கேதான். உங்கள் கணினிப் பட்டியலில் அந்த ஆல்பம் இன்னமும் "அலமாரியில் உள்ளது" என்றுதான் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு வந்து தேடுவான், கிடைக்காது, யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்துப் போவான். நூலகம் தன் வாசகரிடம் பொய் சொல்கிறது என்பதுதான் இதன் பொருள். இன்றே பட்டியலில் அதன் நிலையை "மறுபரிசீலனையில்" என்று மாற்றுங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது. நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது தலைமை நூலகர். அவரை மீறி ஆல்பத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வேலை உங்களுடையது, விளைவும் உங்களுடையது. ஆனால் வாய்மொழி உத்தரவு என்பது நாளை பிரச்சினை வெடித்தால் யாருக்கும் நினைவில்லாமல் போகும் ஒன்று. "நேற்று நாம் பேசியபடி இன்ன ஆல்பத்தை அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறேன். புகாரை எழுத்தில் பெற்று, குழு ஒன்று கேட்டு முடிவெடுக்கும் வரை இது தற்காலிகம் என்று புரிந்துகொள்கிறேன். தவறாக இருந்தால் திருத்தவும்" என்று நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். பெரும்பாலான மேலதிகாரிகள் தீயவர்கள் அல்ல, சத்தத்துக்கு அஞ்சுபவர்கள். முறையாக ஒரு வழி இருக்கிறது என்று காட்டினால் அவர்களே நிம்மதி அடைவார்கள்.

சீட்டு எழுதிய பிள்ளையின் பெயரை அந்தத் தாயிடம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மிகச் சரி. யார் எதைக் கேட்டார்கள், எதை எடுத்துப் போனார்கள் என்பது நூலகத்துக்கும் அந்த வாசகருக்கும் இடையிலானது. தன் மகளின் இரவல் விவரத்தைப் பெற்றோர் கேட்டால் என்ன செய்வது என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். அதை உங்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் விவரத்தைக் கேட்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. இனி விருப்பச் சீட்டில் பெயர்க் கட்டமே இருக்க வேண்டாம். வயதை மட்டும் கேளுங்கள், அது உங்களுக்கு உதவும்.

அந்த முத்திரை என்ன சொல்கிறது?

அதைத் திரைப்படத் தணிக்கைச் சான்றிதழ் போல நினைத்துவிட்டீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதன் கதை வேறு. 1985-ல் வாஷிங்டனில் அரசியல் தலைவர்களின் மனைவியர் சிலர், டிப்பர் கோர் முன்னின்று, பெற்றோர் இசை வள மையம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க செனட் குழு விசாரணை நடத்தியது. ஃபிராங்க் ஸப்பா, ஜான் டென்வர், டீ ஸ்னைடர் ஆகிய இசைக்கலைஞர்கள் நேரில் வந்து எதிர்த்தார்கள். கடைசியில் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் தானாக முன்வந்து எச்சரிக்கை இட ஒப்புக்கொண்டது. இன்று நாம் பார்க்கும் கறுப்பு வெள்ளைச் சின்னம் 1990-ல் பொதுவடிவமாக வந்தது.

இதில் உங்களுக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். எந்த வாரியமும் உட்கார்ந்து கேட்டு அதை ஒட்டுவதில்லை. ஒட்டுவதா வேண்டாமா என்பதை வெளியிடும் நிறுவனமும் கலைஞரும் முடிவு செய்கிறார்கள். அதில் வயது வரம்பும் இல்லை. ஆகவே பதினைந்து பாடல்களில் ஒன்றில் நான்கு வசைச்சொற்கள் இருந்தாலும் முத்திரை விழலாம். அந்தச் சங்கத்தில் சேராத சிறு நிறுவனத்தின் ஆல்பத்தில் எது இருந்தாலும் உறை சுத்தமாக இருக்கலாம். 1985-க்கு முந்தைய ஆல்பங்கள் முத்திரை இல்லாமலே வெளிவந்தவை. அவற்றின் பாடகர்கள் எல்லோரும் துறவிகளாக இருந்துவிடவில்லை. ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் பெண்களை இழிவாகப் பேசும் பாடலும் உண்டு, இழப்பின் கோபத்தைச் சொல்லக் கெட்ட வார்த்தை இல்லாமல் முடியாத பாடலும் உண்டு. இந்த வேறுபாடு முத்திரைக்குத் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

முத்திரை இருப்பதால் சட்டச் சிக்கல் வரும் என்பதும் தவறான எண்ணம். சட்டத்தின் பார்வையில் ஆபாசம் எது என்பதை நீதிமன்றங்கள்தான் முடிவு செய்கின்றன, அங்கேயும் முடிவுகள் மாறுகின்றன. 1990-ல் புளோரிடாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி ஒரு ராப் ஆல்பத்தை ஆபாசம் என்று அறிவித்தார். 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. உங்கள் நாட்டில் வயது குறைந்தவர்களுக்கு எதைக் கொடுக்கக்கூடாது என்று சட்டம் ஏதேனும் சொல்கிறதா என்பதை நிர்வாகத்தின் சட்ட ஆலோசகரிடம் கேளுங்கள். அப்படி இருந்தால் அந்தச் சட்டத்தின் சொற்களே உங்கள் எல்லை. ஒரு வணிகச் சங்கத்தின் சின்னம் எல்லையாக முடியாது.

இன்னொன்று. நிறுவனம் ஒட்டிய முத்திரையை நீங்கள் கிழிக்கவும் கூடாது, மறைக்கவும் கூடாது. அது உறையின் பகுதி. அதேபோல நூலகமே தன் பங்குக்குச் சிவப்புப் புள்ளி, "எச்சரிக்கை" அட்டை என்று புதிதாக ஒட்டவும் வேண்டாம். எங்கெல்லாம் சிவப்புப் புள்ளி இருக்கிறதோ அந்தத் தட்டுகளைத்தான் பதினான்கு வயதுப் பிள்ளை முதலில் எடுக்கும் என்பது வேறு கதை.

வெட்டித் திருத்திய பதிப்பு

இதில் நான் உங்களோடு பாதி உடன்படுகிறேன். உரிமையாளரே வெளியிடும் திருத்திய பதிப்பை வாங்குவது குற்றமல்ல. சில பிள்ளைகளே அதைத்தான் கேட்பார்கள், தம்பி தங்கையோடு வீட்டுக் கூடத்தில் போட்டுக் கேட்க வசதி என்று. ஆனால் சொற்கள் மௌனமாக்கப்பட்டிருக்கும், சில சமயம் பாடலே நீக்கப்பட்டிருக்கும். பாடலின் கருப்பொருள் அப்படியேதான் இருக்கும். அந்தத் தாயின் கவலை கருப்பொருளைப் பற்றியது என்றால் இது அவருக்கு ஒரு தீர்வே அல்ல. வாங்கினால் பட்டியலில் "திருத்திய பதிப்பு" என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். முழு ஆல்பம் என்று நம்பி எடுத்துப் போகும் பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச நேர்மை அது. எல்லா ஆல்பத்துக்கும் அதையே விதியாக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

லெஸ்டர் ஆஷெய்ம் என்ற அமெரிக்க நூலகவியல் அறிஞர் 1953-லேயே இந்த இடத்தைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டினார். தேர்வு செய்பவர் ஒரு படைப்பை வைத்துக்கொள்ளக் காரணம் தேடுகிறார். தணிக்கை செய்பவர் விலக்கக் காரணம் தேடுகிறார். இரண்டு பேரும் இறுதியில் ஒரே ஆல்பத்தை வாங்காமல் விடலாம். ஆனால் முன்னவர் முழுவதையும் கேட்டிருப்பார், பின்னவருக்கு ஒரு வரி போதும். உங்கள் "முத்திரை இருந்தால் வாங்குவதில்லை" என்ற விதி எந்தப் பக்கம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தனி மனிதர்களின் கருத்தாக மட்டும் இது நின்றுவிடவில்லை. அமெரிக்க நூலகச் சங்கத்தின் 1939-ஆம் ஆண்டு நூலக உரிமைச் சாசனத்தில், வயதைக் காரணமாக வைத்து நூலகப் பயன்பாட்டை மறுக்கக்கூடாது என்பது 1967-ல் சேர்க்கப்பட்டது. சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லாவும் யுனெஸ்கோவும் சேர்ந்து வெளியிட்டு 2022-ல் புதுப்பித்த பொது நூலக அறிக்கை, தொகுப்புகள் கருத்தியல், அரசியல், சமயத் தணிக்கைக்கும் வணிக அழுத்தத்துக்கும் ஆட்படக்கூடாது என்கிறது. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வில் பங்கேற்கும் உரிமையை 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் தருகிறது. உங்கள் கொள்கை ஆவணத்தின் முதல் பத்தியில் இவற்றில் ஒன்றையாவது குறிப்பிடுங்கள். புகார் வரும்போது நீங்கள் தனியாக நிற்கவில்லை என்பது அப்போது தெரியும்.

அந்தத் தாய்க்கு என்ன பதில்?

அவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். தன் மகள் என்ன கேட்கிறாள் என்று உட்கார்ந்து வாசித்துப் பார்த்த தாய் அவர். எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்? தன் மகளுக்கு எது வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு, அதை மனதாரச் சொல்லுங்கள். மற்றவர்களின் மகளுக்கும் சேர்த்து முடிவெடுக்கும் உரிமை இல்லை என்பதை அதன்பிறகு சொல்லுங்கள். வரிசை முக்கியம்.

எழுத்துப் புகார்ப் படிவம் ஒன்று உங்களிடம் இல்லை என்று ஊகிக்கிறேன். ஒரே பக்கம் போதும்: எந்த ஆல்பம், முழுவதும் கேட்டீர்களா, எது உங்களைப் புண்படுத்தியது, என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள். படிவம் வந்ததும் மூன்று பேர் கொண்ட குழு. நூலகத்துக்கு வெளியே இருந்து ஒருவராவது அதில் இருக்கட்டும். மூவரும் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும், விமர்சனங்களைப் படிக்க வேண்டும், உங்கள் கொள்கையோடு ஒப்பிட்டு எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். முடிவு வரும்வரை ஆல்பம் அலமாரியில் இருப்பதுதான் சரியான முறை. இந்த முறை அதைச் சாதிக்க முடியாவிட்டாலும், அடுத்த முறைக்காகக் கொள்கையில் எழுதி வைத்துவிடுங்கள். குழு எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள், வருத்தப்படாதீர்கள். முறைப்படி தோற்பது, சத்தமில்லாமல் ஒளிப்பதைவிட நூறு மடங்கு மேல்.

என்ன வாங்குவது?

தரவரிசையின் மேல்வரிசையை அப்படியே வாங்கும் திட்டத்தை விட்டுவிடுங்கள். இன்றைய தரவரிசைகள் விற்பனையை மட்டும் எண்ணுவதில்லை. அமெரிக்காவின் வாராந்தர ஆல்பத் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியல் 2014 டிசம்பர் முதல் ஸ்ட்ரீமிங்கையும் சேர்க்கிறது. அப்போது ஓர் ஆல்பத்தின் பாடல்களை 1,500 முறை கேட்டால் ஓர் ஆல்பம் விற்றதாகக் கணக்கு. ஆகவே தீவிர ரசிகர் ஒருவர் இரவு பகலாகத் திரும்பத் திரும்பக் கேட்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. மேலும் முதல் வரிசையில் உள்ளவை எல்லோர் கைபேசியிலும் ஏற்கெனவே இருப்பவை. வணிக அழுத்தத்துக்கு ஆட்படாதீர்கள் என்று யுனெஸ்கோ அறிக்கை சொல்வதை இங்கேயும் நினைத்துக்கொள்ளலாம்.

விருப்பச் சீட்டுகளும் முழு உண்மை அல்ல. சீட்டு எழுதுபவர்கள் தயக்கமில்லாதவர்கள். ஒரே குழுவின் ரசிகைகள் ஆறு பேர் சேர்ந்து பெட்டியை நிரப்பிவிட முடியும். எழுதாத பிள்ளைகளைக் கேட்க ஒரே வழி, அவர்கள் நூலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது அருகே போய்க் கேட்பதுதான். "என்ன கேட்கிறாய்?" என்று கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். "உன் நண்பர்கள் யாருக்கும் தெரியாத, உனக்குப் பிடித்த பாடகர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கிளம்ப நினைத்தாலும் விடமாட்டார்கள்.

நான் பயிற்சி வகுப்புகளில் சொல்லும் கணக்கு கரடுமுரடானது. பத்து ஆல்பம் வாங்கினால் ஆறு, பிள்ளைகள் கேட்டவை. இரண்டு, அவர்கள் கேட்பவற்றின் வேர்கள். இன்றைய ராப் கேட்கும் பையன் அதன் முதல் தலைமுறையைக் கேட்க வேண்டாமா? மீதி இரண்டு, யாரும் கேட்காதவை: வேறு மொழி, வேறு நாடு, வாத்திய இசை, பெரிய நிறுவனங்கள் தொடாத கலைஞர்கள். மொழி தடை என்று நினைக்காதீர்கள். 2018-ல் ஒரு கொரிய மொழி ஆல்பம் பில்போர்டு 200-ல் முதலிடம் பிடித்தது. அதை அங்கே கொண்டுபோனதில் கொரிய மொழி ஒரு சொல்லும் தெரியாத பிள்ளைகளின் பங்கு பெரியது. பதின்மூன்று வயதும் பதினெட்டு வயதும் ஒரே அலமாரியைப் பகிர்வதையும் மறக்காதீர்கள். இளையவர்களுக்கு ஒன்றுமில்லாமல் போய்விடுவதுதான் இத்தகைய பகுதிகளில் அடிக்கடி நடக்கும் தவறு.

ஒதுக்கிய தொகையை ஒரே மூச்சில் செலவிடாதீர்கள். வெகுஜன இசை சீக்கிரம் ஆறிவிடும். மாதந்தோறும் கொஞ்சமாக வாங்குங்கள், ஐந்தில் ஒரு பங்கைத் தொலைந்ததற்கும் உடைந்ததற்கும் ஒதுக்குங்கள். வாங்கும் முன் இரண்டு விமர்சனங்களாவது படியுங்கள், சந்தேகமான ஆல்பத்தை நீங்களே முழுவதும் கேளுங்கள், ஏன் வாங்கினீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அந்த ஒரு வரிதான் பின்னால் குழுவின் முன் உங்களுக்காகப் பேசும்.

பதிவு செய்து கொடுப்பது பற்றி

இதை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். ஸ்ட்ரீமிங் கணக்கு தனிப்பட்ட பயன்பாட்டுக்கான உரிமம். அதிலிருந்து தட்டு உருவாக்கி இரவல் கொடுப்பது ஒப்பந்த மீறல், பதிப்புரிமை மீறலும்கூட. நல்ல நோக்கம் இங்கே காப்பாற்றாது. அறையில் ஒலிபெருக்கி வைத்து அந்தக் கணக்கிலிருந்து பாடல் போடுவதும் பெரும்பாலான நாடுகளில் பொது நிகழ்த்துகை. அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

காசு கொடுத்து வாங்கிய அசல் தட்டை இரவல் கொடுப்பது வேறு விஷயம். இசைத்தட்டுகளை வாடகைக்கு விடும் வணிகத்தைத் தடுத்த 1984-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இலாப நோக்கற்ற நூலகங்களுக்கு விலக்கு அளித்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தமும் இலாப நோக்கற்ற நூலகத்தின் இரவலை வணிக வாடகையாகக் கருதுவதில்லை. ஐரோப்பிய நாடுகளில், வாடகை, இரவல் உரிமைகள் பற்றிய 1992 ஐரோப்பிய நெறியாணைக்குப் பிறகு உரிமையாளர்களுக்குத் தொகை செலுத்தும் ஏற்பாடுகள் உண்டு. உங்கள் நாட்டு நிலையை ஒருமுறை உறுதிசெய்துகொண்டால் போதும். நூலகங்களுக்கென்றே உரிமம் பெற்ற இசைச் சேவைகளும் சில நாடுகளில் கிடைக்கின்றன. உங்களுக்குக் கிடைக்குமானால் அது உங்கள் பதிவுத் திட்டத்துக்கு நேர்மையான மாற்று.

சிரிக்கும் சகாக்களுக்கு

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. இன்றைய மடிக்கணினிகளில் தட்டு போடும் இடமே இல்லை. அதனால் ஆல்பங்களோடு தட்டைப் போட்டுக் கேட்கும் சில எளிய கருவிகளையும் இரவல் கொடுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகளுக்கு உங்கள் தொகுப்பு வெறும் காட்சிப்பொருள். ஆனால் பொருளாக இசையை வைத்துக்கொள்ளும் ஆசை செத்துவிடவில்லை. 2022-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன, குறுந்தகடுகள் 3.3 கோடி. வினைல் முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல்முறை. இதைப் படித்துவிட்டு வினைல் வாங்கத் தொடங்கிவிடாதீர்கள். வளையும், கீறும், தபாலில் நொறுங்கும், இரவலுக்கு ஆகாது. குறுந்தகட்டில் பிள்ளைக்குக் கிடைப்பது கைபேசியில் எளிதில் கண்ணில் படாத ஒன்று: கலைஞர் வகுத்த வரிசையில் முழு ஆல்பம், யார் வாசித்தார்கள் யார் எழுதினார்கள் என்று சொல்லும் சிற்றேடு. இணைய இணைப்போ மாதச் சந்தாவோ இல்லாத பிள்ளைக்கு அது மட்டுமே கிடைக்கும்.

கையாள்வதைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். பார்கோடு சீட்டைத் தட்டின் மேல் ஒட்டாதீர்கள், உறையில் ஒட்டுங்கள். தட்டின் பளபளக்கும் அடிப்பக்கத்தில் விழும் கீறலைத் தேய்த்துச் சரிசெய்ய முடியும். எழுத்துள்ள மேல்பக்கத்துக்குக் கீழேதான் பிரதிபலிக்கும் படலம் இருக்கிறது. அங்கே கீறல் விழுந்தால் தட்டு போனதுதான். நடுவளையத்தில் மட்டும், நீர் சேர்ந்த மை உள்ள எழுதுகோலால் எண் எழுதுங்கள். கொரிய பாப் ஆல்பங்களோடு வரும் புகைப்பட அட்டைகளை இரவல் பொருளாகப் பட்டியலில் சேர்க்காதீர்கள். முதல் வாரத்திலேயே காணாமல் போகும், பிறகு அபராதம், அழுகை. எடுத்து வைத்திருந்து கோடை வாசிப்புப் போட்டிக்குப் பரிசாகக் கொடுங்கள்.

நூலகத்திலேயே கேட்க ஹெட்ஃபோன் வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒலி அளவுக்கு மேல்வரம்பு வைக்கும் வகையை வாங்குங்கள். உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட தரநிலை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்றும், பிள்ளைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல் என்றும் வரையறுக்கிறது. பாடல் வரிகளைப் பற்றி ஒரு தாய் வந்து சண்டை போட்டார். ஒலி அளவைப் பற்றி இதுவரை யாரும் வந்து கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. அந்த வரம்பையும் கொள்கையில் ஒரு வரியாகச் சேர்த்து, புகார்ப் படிவத்தோடு சேர்த்தே தலைமை நூலகரின் கையெழுத்துக்கு அனுப்பிவிடுங்கள்.